இடது கன்னம் ஜப்பான், வலது கன்னம் எகிப்து

கிள்ளான் பள்ளத்தாக்கில் தன் முகத்தை அவ்வளவு மரியாதையோடு நடத்திய மனிதர் வேறு யாரும் இல்லை. அவ்வளவு சித்திரவதை செய்தவரும் வேறு யாரும் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் அச்சாகி வரும். இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன், இப்போது நினைவில் இல்லை. கிள்ளானில் நாங்கள் வேலை செய்த ஃபார்வர்டிங் கம்பெனியில் முதலாளி தொடங்கி வாசல் காவலாளி வரை எல்லோரும் அவரை பிளேடு என்றுதான் கூப்பிட்டோம். கப்பலில் வந்திறங்கும் சரக்குக்குச் சுங்கப் பாரம், அதாவது படிவம், நிரப்பி, துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். அதில் பிளேடு கெட்டிக்காரர். ஆனால் பெயர் வந்தது அதனால் அல்ல. எந்நேரமும் சவர பிளேடுகளைப் பற்றிப் பேசுவார் என்பது ஒரு காரணம். பேச ஆரம்பித்தால் கேட்கிறவன் கழுத்து அறுபடும் என்பது இன்னொரு காரணம். இரண்டு வழியிலும் பொருந்துகிற பட்டப்பெயர் எத்தனை பேருக்கு அமையும்?

எனக்கும் அவருக்கும் ஒரே வயது. இருவருக்கும் வீடு பிரிக்பீல்ட்ஸில், பக்கத்துப் பக்கத்து அடுக்குமாடி. காலையில் ஒரே ரயில். அதாவது, அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அரை மணி நேரம் கிடைத்த பிளேடு, எனக்கு மட்டும் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று கிடைத்தது. கேஎல் சென்ட்ரலில் ஏறி உட்கார்ந்ததும் தொடங்குவார். சுபாங் ஜெயா வரைக்கும் வெந்நீரில் முகம் கழுவுவது பற்றியே போகும். பத்து தீகாவில் நுரை போடுவார். ஷா ஆலாம் தாண்டினால்தான் பிளேடு தோலைத் தொடும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அதனால் பயன் இல்லை.

"தூங்கு மச்சான், தூங்கு. காது தொறந்துதான இருக்கு" என்பார்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் தோல் அப்படி. துண்டால் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாலே சிவந்துவிடும். எங்கள் முதலாளி, எல்லோருக்கும் தவுக்கே, முகம் மழித்துத்தான் வேலைக்கு வர வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். கடையில் அட்டையோடு தொங்குமே, ஐந்து பிளேடு வைத்த பிளாஸ்டிக் ரேசர், அதனால் மழித்துக்கொண்டு வருவார் நம் ஆள். பத்து மணிக்குள் கழுத்து முழுக்கக் கடுகு தாளித்ததைப் போலக் கட்டிகள் எழும்பிவிடும். சட்டைக் காலர் உரசினால் ஒவ்வொன்றாக வெடிக்கும்.

"அஞ்சு பிளேடு மச்சான். மொத பிளேடு முடியப் புடிச்சு இழுக்குது. ரெண்டாவது வெட்டுது. மிச்ச மூணும் சும்மா வந்து தோலச் சொறிஞ்சிட்டுப் போகுது. வெட்டுன முடி தோலுக்குள்ள போயிருது லா. அப்புறம் வெளிய வர வழி தெரியாம உள்ளயே சுருண்டுக்குது. அதான் கட்டி."

"பாவம் முடி" என்றேன்.

"முடிக்குப் பாவம் பாக்குற. எனக்குப் பாக்க மாட்டேங்குற."

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருக்கு விமோசனம் கிடைத்தது. இரும்பில் செய்த சேஃப்டி ரேசர். தலையைத் திருகிக் கழற்றி, இரண்டு பக்கமும் கூருள்ள காகிதம் மாதிரியான ஒரே ஒரு பிளேடை நடுவில் வைத்து மூட வேண்டும். அதை வாங்கியதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ரேசர் ஒன்றுதான், அதில் போடும் பிளேடு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி செய்கிறார்கள் என்று அந்தக் கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் முகம் அனைத்துலக மைதானம் ஆனது. ஒரே நாளில் இடது கன்னத்துக்கு ஒரு நாட்டு பிளேடு, வலது கன்னத்துக்கு இன்னொன்று. "ஒரே மூஞ்சி, ஒரே தண்ணி, ஒரே கை. பிளேடு மட்டும்தான் வேற. அப்பத்தான் நாயமா ஒப்பிட முடியும்" என்று விளக்குவார். வெட்டுப்பட்ட இடங்களில் டிஷ்யூ தாளைக் கிள்ளி ஒட்டிக்கொண்டு வருவார். அவர் உள்ளே நுழையும்போதே எந்தப் பக்கம் தாள் அதிகம் என்று பார்த்து எந்த நாடு தோற்றது என்று கண்டுபிடிப்பது எங்கள் காலைப் பொழுதுபோக்கு.

"எகிப்து அவுட்டா?" என்று யாராவது கேட்டால், "எகிப்து நல்ல பிளேடுதான். என் கைதான் அவசரப்பட்டுச்சு" என்பார். எந்த நாட்டையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

முடிவுகளை எழுதி வைக்க அவர் தேர்ந்தெடுத்தது, எங்கள் அலுவலகத்தில் தப்பும் தவறுமாக அச்சாகி ஒதுக்கப்பட்ட பாரங்களின் பின்பக்கத்தை. தொழில் புத்தி போகுமா? சரக்குக்கு எழுதுவதைப் போலவே எழுதுவார். பிறந்த நாடு, எகிப்து. சரக்கின் நிலை, கூர்மை. வழியில் ஏற்பட்ட சேதம், மேலுதடு ஒன்று, தாடை இரண்டு. குறிப்பு, திருப்பி அனுப்பலாம். ஒருநாள் அந்தத் தாள் மற்றக் காகிதங்களோடு கலந்து தவுக்கேயின் மேசைக்குப் போய்விட்டது. தாடையில் சேதமான கன்டெய்னர் எது என்று அவர் அரை நாள் போன் போட்டுத் தேடினார்.

தன் முகத்தில் இடம் பற்றாமல் போனபோது, அடுத்தவர் முகத்தைக் கேட்க ஆரம்பித்தார். என்னிடம் கேட்டார். என் தாடி தென்னந்துடைப்பம் மாதிரி, அதில் எந்த பிளேடும் ஒன்றுதான் என்று தப்பித்துக்கொண்டேன். மாட்டியவர் லோரி ஓட்டும் பெருமாள் அண்ணன். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வருபவர். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். அலுவலகக் கழிப்பறையில் அவரை நிறுத்தி, முகம் முழுக்க நுரை போட்டு, பாதி முகத்தை பிளேடு மழித்து முடித்த நேரம் பார்த்துக் கட்டடத்தில் தீயணைப்புப் பயிற்சிக்கான மணி அடித்தது. எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நிற்க வேண்டும் என்பது விதி. பெருமாள் அண்ணன் விதியை மீறாதவர். நுரையோடு வந்து நின்றார். தவுக்கே தலை எண்ணிக்கொண்டே வந்து அவருக்கு எதிரே நின்றுவிட்டார்.

"இது யாரு?" என்று மலாயில் கேட்டார்.

"பெருமாள்" என்றேன்.

"அந்தப் பக்கம்?"

"அதுவும் பெருமாள்தான், தவுக்கே."

ஒன்று என்று எண்ணிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

பிளேடின் மனைவி மட்டும் இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று எனக்கு வியப்பு. ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் காய்கறிக் கடையில் பார்த்தபோது கேட்டேன். "எங்க வீட்டு பாத்ரூம்ல எனக்கு ஒரு தட்டுண்ணே. மத்த மூணும் ரேசருக்கு. ஆனா பாருங்க, வெளிய குடிக்கப் போறது இல்ல, சண்டை இல்ல. கண்ணாடி முன்னாடிதான் நிக்கிறாரு. நிக்கட்டும்" என்றார்.

மூன்று வருடம் போல ஆராய்ச்சி நடந்தது. கடைசியில் ஒரு நாள் டிஷ்யூ தாள் இல்லாமல் வந்தார். மறுநாளும் இல்லை. மென்மையாக வெட்டுகிற ஒரு ரேசரையும், அதற்கேற்ற ஒரு பிளேடையும் கண்டுபிடித்துவிட்டார். குளித்து முடித்த ஈரத்தோடு, அழுத்தாமல், முடி வளரும் திசையிலேயே, இரண்டே இழுப்பு. கழுத்தில் ஒரு கட்டி இல்லை, ஒரு கீறல் இல்லை. முகம் தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணம் மாதிரி பளபளத்தது. எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆறு மாதம் அவர் முகத்தில் எந்த நாடும் தோற்கவில்லை.

ஆராய்ச்சி முடிந்தது, பேச்சும் முடியும் என்று நம்பினேன். அங்கேதான் நான் தப்புக்கணக்குப் போட்டேன்.

இங்கே எங்களோடு வேலை செய்த கலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலா என்பது அவர் பெயர் அல்ல. இதை எழுதலாமா என்று அவரிடமே போன வாரம் போன் செய்து கேட்டேன். "எழுதுங்கண்ணே. பேரு மட்டும் மாத்திருங்க. மாஸ்க் கலரையும் மாத்திருங்க" என்றார். ஆகவே பெயர் கலா, மாஸ்க் ஊதா.

கலா பந்திங்கிலிருந்து பஸ் பிடித்து வருவார். அப்போது இருபத்தொன்பது வயது. பாரம் நிரப்புவதில் பிளேடுக்கு அடுத்து அவர்தான். தொற்றுக் காலம் முடிந்து, எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றித் தூக்கிப் போட்ட பிறகும் கலா கழற்றவில்லை. சாப்பிடும் அறையில் கடைசி மேசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மாஸ்க்கை லேசாகத் தூக்கித் தூக்கிச் சாப்பிடுவார். நான் ஒருநாள், "கலா, மலேசியாவுலயே ஓவர்டைம் பாக்குற ஒரே மாஸ்க் உன்னோடதுதான்" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கலாவும் கண்ணால் சிரித்தார். பிளேடு மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குச் சவரம் தவிர வேறு எதிலும் நகைச்சுவை புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் கலாவுக்குப் பதவி உயர்வு வந்தது. துறைமுகத்துக்கே போய், அங்குள்ள கவுண்டர்களில் எங்கள் கம்பெனி சார்பில் நிற்கிற வேலை. அதற்குத் துறைமுகத்துக்குள் நுழையும் அட்டை வேண்டும். அட்டைக்கு நேரில் போய்ப் படம் எடுக்க வேண்டும், முகத்தில் மாஸ்க் இல்லாமல். முதல் முறை நாள் குறித்தபோது கலாவுக்குக் காய்ச்சல். இரண்டாம் முறை பஸ் வரவில்லை. மூன்றாம் முறை என்ன சொன்னார் என்று ஞாபகமில்லை. தவுக்கே பொறுமையானவர்தான், ஆனால் அவரும் ஒரு கடைசித் தேதி சொல்லிவிட்டார். அதற்குள் அட்டை எடுக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவதாகச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பிளேடு ரயிலில் பேசுவது போதாதென்று மதியச் சாப்பாட்டு நேரத்தையும் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் சாப்பிடுவது வெளியே, வாழை இலைக் கடையில். திடீரென்று பொட்டலம் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசி மேசைக்கு முந்தின மேசையில் உட்கார வைத்தார். ரயிலில் காதோடு பேசுகிறவர், இங்கே மேடையில் பேசுகிற மாதிரி குரலை உயர்த்தினார். பேசிய விஷயமும் விசித்திரமாக இருந்தது.

"மீசை தாடி மட்டும்தான் முடினு நெனைக்காத மச்சான். மெல்லிசு முடினு ஒண்ணு இருக்கு. தாடையில, காதோரம். அதுக்கு இருக்குறதுலயே மைல்டான ரேசரு போதும்."

"எனக்கு எங்க இருக்கு மெல்லிசு முடி?"

"தெரிஞ்சு வச்சுக்க."

மறுநாள் வேறு ஒரு பாடம். "ஷேவ் பண்ணா முடி தடிமனா வளரும்னு சொல்றாங்க பாரு, சுத்தப் பொய். வெட்டுன முடிக்கு நுனி மழுங்கலா இருக்கும். தடவுனா சொரசொரங்கும். அவ்ளோதான் லா. டாக்டருங்களே அதத்தான் சொல்றாங்க."

"நான் பதினெட்டு வயசுலேர்ந்து ஷேவ் பண்றேன். இப்ப வந்து சொல்ற."

"சும்மா கேளு."

என் நாசி லெமாக் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை. முடி எடுக்கும் கிரீம் எல்லாத் தோலுக்கும் ஒத்துவராது, எரிந்தால் அதை விட்டுவிட வேண்டும் என்பார். மெழுகு போட்டு இழுத்தால் சில தோலில் கட்டி வரும், அதற்காகப் பயப்படக் கூடாது என்பார். முதலில் மிதமான சுடுநீர், பிறகு மணம் போடாத கிரீம், பிளேடைத் தோலில் வைத்தால் போதும், அழுத்தவே கூடாது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்கக் கூடாது, முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர். இதையே முன்னும் பின்னுமாக மாற்றி இரண்டு மாதம் சொன்னார். ஒருநாள் எல்லை மீறிப் போய், சட்டென்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. தோலுன்னா முடி இருக்கும். அது யாரு செஞ்ச தப்பும் இல்ல."

"யோவ், நான் எப்பய்யா வெக்கப்பட்டேன்?"

"பொதுவாச் சொல்றேன்."

எனக்கு உண்மையிலேயே கவலையாகிவிட்டது. அதிகம் பிளேடு முகர்ந்தால் மூளைக்கு ஏதாவது ஆகுமா என்று பெருமாள் அண்ணனிடம் கேட்டேன். அவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, இருக்கலாம் என்றார்.

கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, சாப்பிடும் அறை அலமாரியில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி இருந்தது. மேலே பிளேடின் கையெழுத்து. சரக்கு, மிக மென்மையானது. கையாளும் முறை, அழுத்த வேண்டாம். பெறுபவர் என்ற இடம் மட்டும் காலி. எனக்குத்தான் வைத்திருக்கிறார் என்று எடுக்கப் போனேன். கையிலேயே ஓர் அடி விழுந்தது.

"அது ஒனக்கு இல்ல. ஒன் மூஞ்சிக்கு லோரி டயர வெட்டுற பிளேடுதான் வேணும்."

"பின்ன யாருக்கு?"

"அது இருக்கட்டும்."

இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் காணவில்லை. பெட்டியைக் காணோம் என்று பிளேடிடம் சொன்னால், "அப்படியா?" என்றார். அன்று மாலை ரயிலில் ஷா ஆலாம் வரை ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குப் பயம் அதிகமானது.

கடைசித் தேதியன்று காலையில் அட்டை எடுக்க மூன்று பேர் கம்பெனி வேனில் போனோம். கலாவுக்குப் புதிய அட்டை, எனக்கும் பிளேடுக்கும் பழையதைப் புதுப்பிக்க. பிளேடு அன்று ரயிலிலேயே மாஸ்க் போட்டிருந்தார். சளி என்றார். வேனில் ஏறியதிலிருந்து கலாவின் விரல்கள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. வரிசையில் பத்துப் பதினைந்து பேர். பெரும்பாலும் லோரிக்காரர்கள். கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பெண், அடுத்து ஒரு நாற்காலி, எதிரே படம் எடுக்கும் இன்னொரு ஆள். முதலில் பிளேடு, பிறகு கலா, கடைசியில் நான்.

நாங்கள் நெருங்கும்போது கலா திரும்பி என்னிடம், "அண்ணே, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நான் வேன்ல போயி உக்காந்துக்கவா?" என்றார். அதற்குள் பிளேடு முறை வந்தது. மாஸ்க்கைக் கழற்றினார்.

நான் பார்த்ததிலேயே மோசமான முகம் அது. எகிப்து, ஜப்பான் எல்லாம் சேர்ந்து படையெடுத்த மாதிரி இருந்தது. கன்னம், தாடை, மேலுதடு, கழுத்து, எங்கே பார்த்தாலும் டிஷ்யூ தாள், ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்புப் புள்ளி. மற்ற இடமெல்லாம் வெந்து தடித்திருந்தது. கவுண்டர்ப் பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, உங்கள் முகத்துக்கு என்ன ஆனது என்று மலாயில் கேட்டார். பிளேடு கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். நல்ல மலாயில், நல்ல சத்தமாக, ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். ஐந்து பிளேடு ரேசரில் என்ன தப்பு என்பதிலிருந்து.

ஐந்து நிமிடத்தில் வரிசை கலைந்தது. எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒரு லோரிக்காரர் தன் கழுத்தைக் காட்டி ஆலோசனை கேட்டார். கவுண்டர்ப் பெண் தன் கணவருக்கும் இதே தொல்லை என்றார். இந்தத் தாளையெல்லாம் எடுக்காமல் படம் எடுக்க முடியாது என்று ஒருவர் சொல்ல, எடுத்தால் ரத்தம் வரும், வந்தால் தரையில் சொட்டும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது என்று பிளேடு வாதம் செய்தார். சிரிப்புச் சத்தம் வெளியே வரை போனது.

படம் எடுக்கிறவர் பார்த்தார், இது இப்போதைக்கு முடியாது. அடுத்த ஆளை வரச் சொன்னார். "மாஸ்க் புக்கா யா, டிக்" என்று திரையைப் பார்த்தபடியே மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். கலா நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். ஒருவர்கூட அவர் பக்கம் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் பிளேடு மேல். மாஸ்க்கைக் கழற்றினார். வெளிச்சம் ஒருமுறை மின்னியது. அவ்வளவுதான்.

வரிசையில் அடுத்து நின்ற நான் மட்டும் பார்த்தேன். தாடை ஓரத்தில் ஆறி வருகிற புண்ணின் லேசான சிவப்பு. மற்றபடி சாதாரணமான, அழகான முகம். இரண்டு வருடம் எதிரில் உட்கார்ந்து வேலை செய்தவரின் மூக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கலா மாஸ்க்கைத் திரும்பப் போடவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

திரும்பும்போது வேனில் பிளேடிடம் மெதுவாகக் கேட்டேன். "ஆறு மாசமா ஒரு கீறல் இல்ல. இன்னிக்கி எப்படி?"

"புது பிளேடு. சரியில்ல."

"இன்னிக்கினு பாத்தா?"

"ஆராய்ச்சிக்கு நாள் நட்சத்திரம் பாக்க முடியுமா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை கலா மாஸ்க் இல்லாமல் வேலைக்கு வந்தார். மதியம் சுவரைப் பார்க்காமல், என் மேசையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பிளேடு அன்று விடுப்பு. "அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தாடையில முடி வரும்ணே. ஹார்மோன் பிரச்சினைன்னு டாக்டர் சொன்னாங்க. மருந்து சாப்பிடுறேன், மெதுவாத்தான் கேக்குமாம். கிரீம் போட்டேன், வெந்து போச்சு. மெழுகு போட்டேன், கட்டி கட்டியா வந்துச்சு. ஷேவ் பண்ணா இன்னும் அடர்த்தியா வரும்னு வீட்டுல பயமுறுத்திட்டாங்க. மாஸ்க் வந்தப்ப, எனக்கு மட்டும் அது நல்ல காலம்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நான் அடித்த அந்த ஓவர்டைம் நகைச்சுவை ஞாபகம் வந்தது.

"வேலைய விட்டுடலாம்னு லெட்டர் அடிச்சேன். பிரின்டர்ல கொடுத்துட்டு எடுக்க மறந்துட்டேன். திரும்பிப் போனா காணோம். என் கீபோர்டுக்கு அடியில கவுத்து வச்சிருந்துச்சு. அந்தப் பேப்பர வச்சிட்டுப் போனது பிளேடு அண்ணன்தான், பாத்தேன். என்கிட்ட ஒண்ணும் கேக்கல. மறுநாள்லேர்ந்துதான் ஒங்ககிட்ட பேச ஆரம்பிச்சாரு."

"என்கிட்டயா?"

"ஒங்ககிட்ட பேசுற மாதிரி."

மாஸ்க்கின் ஓரத்தில் தெரிந்த அந்தச் சிவப்பை எங்களில் யாரும் கவனிக்கவில்லை. வருடக்கணக்காகத் தாடைகளை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு மனிதருக்கு அது என்ன என்று தெரிந்திருக்கிறது. ஒரு பெண்ணிடம் நேரில் சொல்ல முடியாது, சொல்லாமல் விடவும் முடியாது. அதனால் நடுவில் என்னை உட்கார வைத்திருக்கிறார். இரண்டு மாதம் ஆறிப்போன நாசி லெமாக்கைச் சாப்பிட்டேனே, அதில் ஒரு வார்த்தைகூட எனக்கானதில்லை.

"அண்ணேகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார் கலா. "நீங்க கொட்டாவி விட்டுக்கிட்டே உக்காந்திருந்தீங்க. எழுந்து போகாம இருந்தீங்கல்ல, அதுக்குத் தேங்க்ஸ்."

"நான்தான் ஒன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் கலா" என்றேன். எதற்கென்று அவருக்குத் தெரிந்திருந்தது. பரவாயில்லை என்பதைப் போலத் தன் தட்டிலிருந்த வடையில் பாதியைப் பிய்த்து என் பக்கம் வைத்தார்.

அன்று மாலை பிளேடின் வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவிதான் எடுத்தார். "கிளினிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு இப்பத்தான் வந்தோம். மூஞ்சியெல்லாம் சீழ் வச்சிருச்சு. ஆகாத பிளேடுன்னு யாரும் தொடக்கூடாதுன்னு ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தாரு. அட்டை எடுக்கப் போன அன்னிக்கிக் காலையில அதத் தேடி எடுத்து, கிரீம்கூடப் போடாம பச்சத் தண்ணியில போட்டு இழுக்குறாரு. என்னங்க இதுன்னா, 'இன்னிக்கிக் கொஞ்சம் ரத்தம் வேணும்'ங்கிறாரு. கேட்டா அதுக்கு மேல சொல்ல மாட்டேங்குறாரு. ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமாண்ணே?"

தெரியாது என்றேன். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

புண் ஆறும் வரை ஒரு மாதத்துக்கு முகத்தில் பிளேடு படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கேஎல் சென்ட்ரலில் நின்றிருந்த ஆளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நரைத்தும் கறுத்துமாகத் தாடி. வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரயில் கிளம்பியது. பந்தாய் டாலாம் வந்தது, பெட்டாலிங் வந்தது. அவர் பேசவில்லை. மழிக்காத மனிதன் மழிப்பதைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவது என்று நினைத்தாரோ என்னவோ, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடமாக அந்த ரயில் இவ்வளவு சத்தம் போட்டு ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

ஜாலான் டெம்ப்ளர் தாண்டியதும் என்னால் முடியவில்லை.

"மச்சான், என் கழுத்துல, இந்த எடத்துல ஒரு கட்டி வந்து வந்து போகுது. எந்தப் பக்கமா இழுக்கணும்?"

கட்டி ஒன்றும் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் திரும்பினார். ரயில் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றை விரலால் என் தாடையை நிமிர்த்தி, வெளிச்சம் படும்படி திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மொதல்ல ஒன் முடி எந்தப் பக்கம் வளருதுன்னு பாக்கணும் மச்சான்" என்று ஆரம்பித்தார். நான் கண்ணை மூடவில்லை.

கிள்ளான் அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது.